கடிகாரம் கண்டுபிடிக்கும், கணக்கு யார் கையில்?

2013-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் பொக்கீப்சி என்னும் ஊரிலிருந்து விடியுமுன் புறப்பட்ட பயணிகள் ரயில், காலை 7.20 மணியளவில் நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியில் ஒரு வளைவுக்கு வந்தது. அந்த வளைவில் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ரயில் வந்த வேகமோ 82 மைல்! பெட்டிகள் தடம்புரண்டு ஆற்றின் விளிம்பு வரை பாய்ந்தன. நான்கு பேர் மாண்டனர். அறுபது பேருக்கு மேல் காயமுற்றனர்.

ஓட்டுநர் குடித்திருந்தாரா? இல்லை. போனில் பேசிக்கொண்டிருந்தாரா? அதுவும் இல்லை. பிரேக் பழுதா? அல்ல. தூங்கிவிட்டார்!

“பொறுப்பற்றவன், வேலை நேரத்தில் தூங்கினான், நாலு உயிரைக் குடித்தான்” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்பவர்கள் முதலாளிகள் மட்டுமல்லர், நம்மிலும் உண்டு. ஆனால், அந்நாட்டு சர்க்காரின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் துருவித் துருவி விசாரித்துச் சொன்னது என்ன? அந்தத் தொழிலாளிக்குக் கடுமையான தூக்க மூச்சுத்தடை நோய் இருந்தது. அது அவருக்கே தெரியாது. போதாததற்கு, விபத்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னர்தான் அவரைப் பிற்பகல் ஷிப்டிலிருந்து அதிகாலை ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஓட்டுநர்களுக்குத் தூக்க நோய் உண்டா என்று பார்க்கும் ஏற்பாடே அந்த ரயில்வேயில் இல்லை என்பதையும், வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் சாதனம் பொருத்தப்படவில்லை என்பதையும் வாரியம் குற்றமாகவே எழுதிவைத்தது.

டாக்டர்கள் ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லும் இந்த நோய் என்ன செய்கிறது? கண்ணயர்ந்ததும் தொண்டைச் சதை தளர்கிறது. நாக்கு பின்னுக்குச் சரிகிறது. மூச்சுக் குழாயின் வாசல் அடைபடுகிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று வரவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட! ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறிப்போய் உடம்பை உலுக்குகிறது. ஒரு பெரிய குறட்டை, ஒரு திணறல், பிறகு மீண்டும் தூக்கம். தூங்குபவருக்கு இது எதுவும் நினைவிருப்பதில்லை. மணிக்கு 5 முறைக்குக் கீழே என்றால் கவலையில்லை. 15 முறை என்றால் நடுத்தரம். 30 என்றால் கடுமை. மணிக்கு முப்பது என்றால் ஏழு மணி நேரத்தில் இருநூறு தடவைக்கு மேல்! ஓர் இரவில் இருநூறு முறை யாரேனும் உங்கள் தோளைத் தட்டி எழுப்பினால் மறுநாள் இயந்திரத்தின் முன் எப்படி நிற்பீர்கள்? அதுதான் இந்த நோயாளியின் அன்றாடம். ரத்தக் கொதிப்பும் இதயக் கோளாறும் இதன் பின்னாலேயே வருகின்றன. நாமோ, “ஆசாமி நல்ல தூக்கம், குறட்டை கூரையைப் பிய்க்கிறது” என்று சிரித்துக்கொண்டிருக்கிறோம்!

2019-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் உலகமெங்கும் சுமார் 93 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. அவர்களில் 42 கோடிக்கு மேற்பட்டோருக்கு நடுத்தரம் அல்லது கடுமை. பெரும்பாலோர் அறியாதவர்கள். எப்படி அறிவார்கள்? ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுத்து, தலையில், நெஞ்சில், விரலில், காலில் ஒயர் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். ஒருவர் விடிய விடியக் காவல் இருக்க வேண்டும். மறுநாள் அந்தப் பதிவைக் கண்ணால் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். படுக்கையோ குறைவு, செலவோ அதிகம். அன்றாடங்காய்ச்சிக்கு இது நடக்கிற காரியமா?

இந்த இடத்தில்தான் விஞ்ஞானம் ஒரு புதுக் கதவைத் திறந்திருக்கிறது. மூச்சு நின்றால் நாடி மெல்லத் தளர்கிறது. விழிப்பு வந்ததும் குதித்து ஓடுகிறது. பிராணவாயு குறைந்தால் ரத்தத்தின் நிறம் மாறுகிறது. தோலின்மேல் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி அந்த மாற்றத்தை அளக்கலாம் என்று 1974-இல் காட்டியவர் ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அவோயாகி. நாடியும் நிறமும் மணிக்கட்டிலேயே கிடைக்கும்போது தலையில் எதற்கு ஒயர்?

அளந்தால் போதாது, அளந்ததைப் படிக்கத் தெரிய வேண்டுமே. 2000-ஆம் ஆண்டில் ஒரு போட்டி நடத்தினார்கள். ஜெர்மனியின் மார்பர்க் நகரிலிருந்து வந்த 70 இரவுப் பதிவுகள். இதயத் துடிப்புக் கோடு மட்டும். அவற்றில் 35 பதிவுகளில் எந்த நிமிடத்தில் மூச்சு நின்றது, எதில் நிற்கவில்லை என்று நிபுணர் குறித்த விடையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மீதி 35-க்கு விடை கிடையாது. இயந்திரமே சொல்ல வேண்டும். மெஷின் லேர்னிங் என்று பெரிய பெயரிட்டு அழைக்கும் வித்தையின் அடிப்படை இவ்வளவுதான். விடை தெரிந்த கணக்கை ஆயிரக்கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு, விடை தெரியாத கணக்கைக் கொடுப்பது. இயந்திரத்துக்கு அறிவு வானத்திலிருந்து இறங்கவில்லை, தோழர்களே! இரவெல்லாம் விழித்திருந்து, “இங்கே நின்றது, இங்கே வந்தது” என்று நிமிடம் நிமிடமாகக் குறித்தார்களே ஆஸ்பத்திரி ஊழியர்கள், அவர்கள் கண்ணெரிச்சலிலிருந்து வந்தது. அவர்கள் பெயர் எந்த விளம்பரத்திலும் இல்லை.

கால் நூற்றாண்டில் அந்த வித்தை கைக்கடிகாரத்துக்கு வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் சாம்சங் கடிகாரத்துக்கும், செப்டம்பரில் ஆப்பிள் கடிகாரத்துக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தந்தது. முன்னது பத்து நாளுக்குள் இரண்டு இரவு, இரவுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பிராணவாயுவைப் பார்த்துச் சொல்கிறது. பின்னது மணிக்கட்டின் மிகச் சிறிய அசைவுகளிலிருந்து மூச்சுத் தடங்கலை எண்ணி, முப்பது நாளுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறது.

வரவேற்கிறோம். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஆப்பிள் கம்பெனி தானே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். கடுமையான நோயுள்ள 100 பேரில் 89 பேரைக் கடிகாரம் பிடித்துவிடுகிறது. நடுத்தர நோயுள்ள 100 பேரில் பிடிபடுபவர் 43 பேர்தான்! நோயில்லாதவரை நோயாளி என்று சொல்வது மிக அரிது. ஆகவே, அது “உண்டு” என்றால் நம்பி டாக்டரிடம் ஓடுங்கள். அது பேசாமல் இருந்தால் அதை நற்சாட்சிப் பத்திரமாகச் சட்டம் போட்டு மாட்டிவிடாதீர்கள். இன்னொன்று. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் பிராணவாயுக் கருவி, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு தவறி, ஆபத்தான குறைவைக் காணாமல் விட்டது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று அம்பலப்படுத்தியது. மணிக்கட்டில் பாய்வதும் அதே வகை ஒளிதான். கறுத்த தோலில் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்காமல் நம் கையை நீட்டக்கூடாது.

இனி முக்கியமான கேள்வி. கடிகாரம் கண்டுபிடித்ததை யாரிடம் சொல்லும்?

கண்டுபிடித்தபின் உள்ள வைத்தியம் நல்ல வைத்தியம். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், மூக்கு வழியே காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுக் குழாயைத் திறந்துவைக்கும் கருவியைக் காட்டினார். இன்றும் அதுதான் முதல் வைத்தியம். ஆனால், அந்தக் கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தானே பதிந்து வெளியே அனுப்பவும் செய்கிறது. அமெரிக்க முதியோர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில், முப்பது நாளில் நூற்றுக்கு எழுபது இரவாவது நான்கு மணி நேரம் மாட்டியிருந்தால்தான் தொடர்ந்து பணம் தருவார்கள். படுக்கையறைக்குள்ளேயே வருகைப் பதிவேடு! நாளை கடிகாரம் சொன்னதை முதலாளி படித்துவிட்டு, “உனக்கு நோய், வீட்டுக்குப் போ” என்றால்? இந்த அச்சத்தில்தான் பல ஓட்டுநர்கள் சோதனை என்றாலே ஒளிகிறார்கள்.

ஒளிவது சரியா? சரியல்ல என்பதே நம் கருத்து. அமெரிக்காவில் ஒரு பெரிய லாரிக் கம்பெனியின் ஓட்டுநர்களை வைத்து நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், நோய் தெரிந்தும் வைத்தியத்தை அறவே மறுத்தவர்களின் தவிர்த்திருக்கக்கூடிய பெரிய விபத்துகள் மற்றவர்களைப்போல் ஐந்து மடங்கு. வைத்தியம் எடுத்துக்கொண்டவர்களோ மற்றவர்களுக்குச் சமமாகவே ஓட்டினார்கள். சோதனையே வேண்டாம் என்று சொல்லும் தோழருக்காக நாம் கொடி பிடிக்க முடியாது. பின் இருக்கையில் தூங்குபவனும் நம் பிள்ளைதான். ஆனால், அதே ஆய்வு முதலாளிக்கும் ஒன்று சொல்கிறது: வைத்தியம் பெற்றவனை வேலையைவிட்டு அனுப்பக் காரணமே இல்லை!

பிராங்ஸ் விபத்துக்குப் பின் அந்த ரயில்வே தன் ஓட்டுநர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. 2016 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஹோபோக்கன் நிலையத்தில் இன்னொரு ரயில் நிற்காமல் முட்டி ஒரு பெண் இறந்தார். அந்த ஓட்டுநருக்கும் இதே நோய், அவருக்கும் அது தெரியாது. அவ்வாண்டு மார்ச்சிலேயே ரயில், லாரி ஓட்டுநர்களுக்குச் சோதனை வேண்டுமா என்று கருத்துக் கேட்டிருந்தது அமெரிக்க சர்க்கார். 2017 ஆகஸ்டில் அந்த யோசனையையே கைவிட்டது. இரண்டு விபத்து போதவில்லை போலும்!

நாம் கேட்பது இவ்வளவே. சோதனைச் செலவும் கருவிச் செலவும் கம்பெனியுடையதாக, சோதனை இரவு சம்பள இரவாக இருக்கட்டும். கடிகாரத்தின் கணக்கு தொழிலாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கட்டும்; நிர்வாகத்துக்கு “வேலைக்குத் தகுதி” என்ற சீட்டுப் போதும். வைத்தியம் நடக்கும் நாட்களில் ஸ்டியரிங் இல்லாத வேறு வேலை, அதே கூலியில். ஷிப்டை ஒரே மூச்சில் தலைகீழாகப் புரட்டும் வழக்கத்துக்கு முடிவு. சங்கங்கள் அடுத்த ஒப்பந்தக் கோரிக்கையில் இதை எழுதட்டும்.

அதுவரை, கடிகாரம் வாங்க வகையில்லாத தோழர்கள் வீட்டாரிடம் கேளுங்கள்: உறக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருகிறதா? பகலில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறதா, ரத்தக் கொதிப்பு உண்டா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். ஆம் என்றால், அடுத்த ராத்திரி டூட்டிக்கு முன் டாக்டரைப் பார்த்து, தூக்கச் சோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.