வீடியோ விளையாட்டுக் கூடமும் அதன் வரவு செலவும்

1972ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஸன்னிவேல் என்னும் ஊரிலிருந்த மதுக்கடை ஒன்றில் ‘பாங்’ என்ற விளையாட்டு இயந்திரம் பரீட்சார்த்தமாக வைக்கப்பட்டது. சில நாட்களில் அது நின்றுவிட்டது. பழுது பார்க்கச் சென்ற பொறியாளர் திறந்து பார்த்தபோது விளையாட்டில் கோளாறு ஏதும் காணப்படவில்லை. காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு இறங்க இடமில்லாமற் போயிருந்தது. இச்செய்தி பரவியதும், இதனினும் எளிய தொழில் வேறில்லை என்று பலர் எண்ணினர். அவ்வாறு எண்ணிக் கைம்முதலை இறக்கியோர் பலர் 1983ஆம் ஆண்டை ஒட்டிக் கூடங்களை மூட நேர்ந்தது. எனினும் இத்தொழில் அடியோடு அழிந்துவிடவில்லை. நிலைத்த கூடம் எவ்வாறு நிலைத்தது என்பதை அறிவது, சிறுதொழிலில் முதலிட விரும்பும் உழவர் குடும்பத்தினர்க்கும், தொழிலுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பிலுள்ள பஞ்சாயத்து அங்கத்தினர்க்கும் பயன்தரும்.

இக்கூடத்தில் விற்கப்படும் பண்டம் யாது? இயந்திரமன்று, விளையாட்டுமன்று, நேரமே விற்கப்படுகிறது. காசு போட்டவர் எத்தனை நிமிடம் இயந்திரத்தின் முன் நிற்கிறார் என்பதே கணக்கு. அமெரிக்காவில் அக்காலத்தில் ஓர் ஆட்டத்திற்கு 25 சென்ட் வாங்கினர். ஆட்டம் ஒன்று மூன்று நிமிடத்தில் முடிவதாகக் கொள்வோம். மணிக்கு இருபது ஆட்டம். ஐந்து டாலர் வரவு. ஆறு நிமிடம் நீடித்தால் வரவு பாதியாகிவிடும். ஒரு நிமிடத்தில் முடிந்தாலோ, ஏமாந்தவர் மறுநாள் வரமாட்டார். மரக்கால் கொண்டு நெல் அளப்பவர் தலைதட்டி அளக்கலாம். இங்கே அளவு வாங்குபவரின் கையில் இருக்கிறது. ஆட்டக்காரர் பழகப் பழக ஒரே காசில் நெடுநேரம் ஆடுவார். பின்னால் காத்திருப்பவர் சலித்துப் போய்விடுவார்.

இவ்விடரை நேரில் கண்ட மாணவர் சிலர் அமெரிக்காவின் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தனர். அவர்கள் மாணவர் விடுதியில் ‘மிஸைல் கமாண்ட்’ இயந்திரங்களை வைத்து வருவாய் பெற்று வந்தனர். ஆடுவோர் தேர்ச்சி பெறவும் வரவு இறங்கிற்று. புதிய இயந்திரம் வாங்குவதற்குப் பதிலாக, பழையதன் உள்ளே பொருத்தி ஆட்டத்தைக் கடினமாக்கும் ஒரு மின்சுற்றுப் பலகையை அவர்களே செய்தனர். 1981இல் அதைப் பிற கூடக்காரர்களுக்கும் விற்றனர். மறு ஆண்டு வெளிவந்து பெரும் புகழ் பெற்ற ‘மிஸ் பாக்-மேன்’ விளையாட்டும் இவ்வாறு ‘பாக்-மேன்’ என்னும் பழைய விளையாட்டைப் புதுப்பிக்க அவர்கள் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்ததேயாகும். பழைய பெட்டிக்குப் புதிய உயிர் ஊட்டும் இவ்வழி, புது இயந்திரம் வாங்கக் கடன்படுவதினும் மேலானது என்பதில் ஐயமில்லை.

புது இயந்திரத்தின் விலை அந்நாளில் 2,000 முதல் 3,000 டாலர் வரை இருந்தது. வாரம் 100 டாலர் ஈட்டினாலும் முதல் திரும்ப இருபது முதல் முப்பது வாரம் ஆகும். வாடகையும் மின்கட்டணமும் பழுதுச் செலவும் வேறு. ஆனால் பெரும்பாலான விளையாட்டுகள்மீது மக்களுக்குள்ள மோகம் சில மாதங்களுக்கே நீடித்தது. முதல் திரும்புமுன் மோகம் தீர்ந்தால், பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். விளைச்சல் குறையும் நிலத்துக்கு எரு இடலாம். மோகம் போன பெட்டிக்கு என்ன இடுவது?

இதனாற்றான் கடைக்காரர் பலர் இயந்திரத்தைத் தாமே வாங்காமல், பங்குக்கு வைத்துக்கொண்டனர். இயந்திரமும் பழுதுபார்ப்பும் ஒருவர் பொறுப்பு. இடமும் மின்சாரமும் கடைக்காரர் பொறுப்பு. பெட்டியில் விழும் காசில் பெரும்பாலும் சரிபாதி. நம் வாரச் சாகுபடியை ஒத்த ஏற்பாடு இது. இதில் இலாபம் குறைவு. ஆனால் மோகம் தீர்ந்த பெட்டியை இயந்திரக்காரர் எடுத்துச் சென்று வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பார். கடைக்காரரின் முதல் முழுகுவதில்லை. முதல் சிறியதாயின் இவ்வேற்பாடே தக்கது.

1982ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் அளவுக்கு மிஞ்சிக் கூடங்கள் பெருகின. ஒரே இயந்திரம் எதிரெதிர்க் கடைகளிலும் இருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் சாதனங்களும் வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் அவை கூடத்து இயந்திரங்களுக்கு நிகராகவே ஆகிவிட்டன.

இவற்றினும் மெல்ல அரித்தது வேறொன்று உண்டு. அதுவே காசின் விலை. ஒரு நாணயம், ஓர் ஆட்டம் என்று மக்கள் பழகிவிட்டனர். இருபத்தைந்து சென்ட்டை இருபத்தெட்டாக உயர்த்த அந்நாட்டில் நாணயம் இல்லை. 1980இல் 25 சென்ட் வாங்கிய பொருளுக்கு இன்று ஏறத்தாழ ஒரு டாலர் கொடுக்க வேண்டும். ஜப்பானில் இத்தொல்லை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்த காலந்தொட்டே ஓர் ஆட்டத்திற்கு 100 யென் என்பது வழக்கமாயிற்று. 1989இல் அந்நாட்டு அரசாங்கம் 3 சதவீத நுகர்வு வரி விதித்தது. அது 1997இல் 5 ஆகவும், 2014இல் 8 ஆகவும், 2019இல் 10 ஆகவும் உயர்ந்தது. வாங்குவது அதே 100 யென். வரி போகக் கூடக்காரர் கையில் நிற்பது சுமார் 91 யென். வாடகையும் கூலியும் ஏறியது தனிக்கணக்கு. ‘ஸேகா’ என்னும் பெரிய நிறுவனமே 2020இல் தன் கூடங்களின் உரிமையில் பெரும்பங்கை வேறொரு நிறுவனத்திற்கு விற்றுவிட்டது.

தப்பியவர்கள் அளவுகோலையே மாற்றியவர்கள் ஆவர். சிகாகோ நகரை அடுத்த புரூக்ஃபீல்டில் 2010இல் தொடங்கப்பெற்ற ஒரு கூடம், காசு வாங்குவதை அறவே விட்டது; வாயிலில் நாட்கட்டணம் செலுத்தியவர் எண்ணூறுக்கும் மேற்பட்ட இயந்திரங்களில் எதையும் விரும்பியவாறு ஆடலாம். இங்கே தேர்ந்த ஆட்டக்காரர் நட்டமாவதில்லை. அவரைப் பார்க்கவே பிறர் வருவர். ஆனால் அத்தனை பழைய இயந்திரங்களையும் ஓடவைக்கப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் கூடத்திலேயே இருக்க வேண்டும். அவற்றிலுள்ள பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகள் இப்போது புதிதாகக் கிடைப்பதரிது. வேறு சிலர் உணவையும் பானத்தையும் முதன்மையாக்கி, விளையாட்டை வாடிக்கையாளரை இருத்தும் சாதனமாக வைத்தனர். டாலஸ் நகரில் 1982இல் தோன்றிய ‘டேவ் அண்டு பஸ்டர்ஸ்’ இவ்வகையினது. ஜப்பானியக் கூடங்களோ, இரும்புக் கரத்தால் பொம்மையைப் பற்றி எடுக்கும் பரிசு இயந்திரத்தை இன்று பெரிதும் நம்பியுள்ளன.

பரிசு என்றதும் சூதாட்டம் என்ற ஐயம் எழுவது இயல்பே. ஜப்பானில் 1985 முதல் இக்கூடங்கள் தனிச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும். இராமுழுதும் திறந்து வைத்தல் ஆகாது. பரிசுப் பொருளின் மதிப்புக்கும் வரம்பு உண்டு; 800 யென்னாக இருந்தது 2022இல் 1,000 ஆக்கப்பட்டது. நியூயார்க் நகரம் 1942இல், உருண்டையைத் தட்டி ஆடும் ‘பின்பால்’ இயந்திரங்களைச் சூதென்று தடுத்தது. அது அதிர்ஷ்டமன்று, கைத்திறமே என்று நகரசபையின் முன் ஒருவர் ஆடிக் காட்டிய பின்னர் 1976இல் தடை நீங்கிற்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கருத்திற்கொள்ளத்தக்க நிகழ்ச்சி மாசசூஸெட்ஸ் மாநிலத்து மார்ஷ்ஃபீல்டில் நடந்ததாகும். அவ்வூரில் நம் கிராம சபையை ஒத்த ஊர்க்கூட்டம் உண்டு. சிறுவர் பள்ளியை விட்டுக் காசோடு அலைவர் என்ற அச்சத்தால், 1982இல் அக்கூட்டம் காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுகளை ஊரெல்லைக்குள் அறவே தடுத்தது. கடைக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். மாநில உயர்நீதிமன்றம் ஊராரின் பக்கமே தீர்ப்பளித்தது. அச்சம் பொய்யென்று கூறுவதற்கில்லை. ஆயினும் நேரவரையறையும் வயதுவரையறையும் போதாவோ என்ற கேள்வியை ஊரார் பின்னர் எழுப்பத்தான் செய்தனர். 2011இல் தடையை நீக்கக் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. 2014இல் மீண்டும் வாக்கெடுத்தனர். நீக்குவதற்கு 203 வாக்கும் எதிராக 175 வாக்கும் விழுந்தன. அதற்குள் அவ்வூர்ப் பிள்ளைகள் அவ்விளையாட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடத் தொடங்கிவிட்டனர்.