வாத்துக் குஞ்சுகளில் ஆண் பெண் பேதம் அறிதல்

செங்கற்பட்டு, மதுராந்தகம் பகுதிகளின் ஏரிப்பாசனக் கழனிகளில், அறுவடையானபின் சிதறிக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் மேய்ந்தே வாத்துக்கள் முட்டையிடும். அவற்றை வளர்க்க விரும்பும் மிராசுதாரர்கள் குஞ்சு வாங்குங்கால் ஏமாறலாகாது. ஆண் குஞ்சு முட்டையிடாது. தீனியோ சமமாகத் தின்னும். அடைக்கு வைக்கும் முட்டை வேண்டுவோர்க்கும் ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும்.

அலகையும் இறகின் நிறத்தையும் கண்டு நாட்டு வாத்தின் இளங்குஞ்சைத் தரம் பிரிப்பார் பலர், அது நம்பத்தக்கதன்று. குரலே தக்க சாட்சி. ஏறக்குறைய 6 முதல் 8 வாரத்திற்குள் பெட்டை உரத்துக் கத்தத் தொடங்கும். ஆணின் குரல் தொண்டை கட்டியதுபோற் கம்மிவிடும். ஆணுக்கு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில் எலும்புக் குமிழ் ஒன்று உண்டு. கூட்டமாய்க் கத்துகையில் பேதம் புலப்படாது. ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துக் கேட்கவேண்டும். காலைப் பற்றித் தூக்கற்க, எளிதில் ஊறுபடும்.

ஏறக்குறைய 4 மாதத்தில் ஆணின் வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகுகள் தோன்றும். இறகுதிர் காலத்தில் இவை உதிர்தலுமுண்டாதலின், சுருளில்லாதன யாவும் பெட்டையென முடிவு செய்தல் தகாது. மணிலா வாத்துக்கு இச்சுருளே இல்லை. அதன் ஆண் பருமனால் அறியப்படும்.

ஒரு நாட் குஞ்சின் குதத்தை விரித்துக் காணும் முறை பழகிய கைக்கே உரியது. அத்தகையார் கிடையாதவிடத்துக் குஞ்சு வாங்குவோர், பாதி ஆணென்றே கணக்கிட்டு விலை பேசுக.