வேதாகமம் படிக்கப் புது போன் வேண்டுமா? கடன் வாங்கும் முன் யோசிப்போம்



சில மாதங்களுக்கு முன் நம் குழு ஒன்றின் கூட்டத்தில் ஒரு சகோதரி உள்கடன் கேட்டார். தொகை 18,000 ரூபாய். என்ன காரணம் என்று ஊக்குநர் கேட்டார். "போன் வாங்கணும்க்கா, பைபிள் படிக்கிறதுக்கு" என்று பதில் வந்தது. சிலர் சிரித்துவிட்டார்கள். ஒருவர், "படிக்கப் புத்தகம் இருக்குதே, அதுக்குப் பதினெட்டாயிரமா?" என்றார். இன்னொருவர், "பண்டிகைக்குப் புடவை எடுக்கக் கடன் குடுத்தோமே, அவங்க சாமி காரியத்துக்குக் கேட்டா மட்டும் சிரிக்கிறீங்களே" என்றார். பேச்சு வளர்ந்தது. தீர்மானம் எழுதாமலே கூட்டம் முடிந்தது.

அந்தச் சகோதரி தினமும் மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போகிறவர். வாரம் ஒரு நாள் சபையில் பெண்களுக்கான வேதபாட வகுப்பு. வகுப்பு எடுக்கும் அம்மாவின் போனில் ஒரு வசனத்தைத் தொட்டால் விளக்கம் வருகிறது, வசனத்தை வாசித்தும் காட்டுகிறது. "இந்த மாடல் போன்லதான் அது நல்லா வரும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரரும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவர் உண்மைக் காரணத்தைச் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வகுப்பில் தன் முறை வரும்போது, கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடுவாராம். "யாராவது வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டே எழுத்தைப் பாத்தா எனக்கும் வந்துடும்க்கா" என்றார்.

சிரித்தவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஆனால் ஆசை நியாயமாக இருந்தால் மட்டும் விலை நியாயமாகிவிடுமா? இதை நாம் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். எங்களுக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

போன் வேறு, செயலி வேறு

நாம் 'ஆப்' என்று சொல்கிறோமே, அதுதான் செயலி. போன் ஒரு வீடு என்றால் செயலி அதில் குடியிருப்பவர். ஒரே குடித்தனக்காரர் பல வீடுகளில் இருக்கலாம். வேதாகமச் செயலிகளில் பெரும்பாலானவை எந்த ஒரு கம்பெனி போனுக்கும் சொந்தமானவை அல்ல. ஆண்ட்ராய்டு போன் எதுவாக இருந்தாலும், அது மிகப் பழையதாக இல்லாவிட்டால், ப்ளே ஸ்டோரில் இருந்து இறக்கிக்கொள்ளலாம்.

பலரும் பயன்படுத்தும் யூவெர்ஷன் என்ற செயலியை எடுத்துக்கொள்வோம். இது அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள ஒரு திருச்சபை வெளியிட்டது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. தமிழ் வேதாகமமும் உண்டு. 2008 ஜூலையில் இது வந்தபோது ஐபோனில்தான் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விலை 31,000 ரூபாய். அன்றைக்கு "இந்தச் செயலிக்காக இந்த போன்" என்று கேட்டிருந்தால் அதில் ஒரு அர்த்தம் இருந்திருக்கும். ஆனால் சில வருடங்களிலேயே அதே செயலி ஆண்ட்ராய்டு போன்களுக்கும் வந்துவிட்டது. பொறுத்திருந்தவர்களுக்கு 31,000 ரூபாய் மிச்சம்.

ஆகவே "இந்த மாடலில்தான் வரும்" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். செயலியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து தேடிப் பாருங்கள். 'இன்ஸ்டால்' என்ற பட்டன் வந்தால் அந்த போனிலேயே அது வேலை செய்யும். உங்கள் போனுக்குப் பொருந்தாது என்று செய்தி வந்தால்தான் வேறு போனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செயலி எதைத் தரும், எதைத் தராது?

வேதபாடத்துக்குச் செயலி தரும் உதவி பெரியதுதான். ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் வசனங்கள் எல்லாம் வரிசையாக வரும். பிடித்த வசனத்துக்கு வண்ணம் பூசலாம், குறிப்பு எழுதலாம். தினமும் கொஞ்சம் படிக்கும் திட்டம் போட்டுக்கொள்ளலாம். ஒலியாகக் கேட்கலாம்.

எழுத்தையும் பெரிதாக்கிக்கொள்ளலாம். இது சின்ன விஷயம் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715-ல் முடித்தார். ஜெர்மனியில் இருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகிதத்தை மிச்சப்படுத்த எழுத்து சிறியதாக வேண்டியிருந்தது. இன்று போனில் இரண்டு தட்டுத் தட்டினால் எழுத்து பெரிதாகிறது, காகிதச் செலவு இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. உங்கள் சபையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு அந்தச் செயலியில் இருக்கிறதா? தென்னிந்தியத் திருச்சபையிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் பழைய திருப்புதல்தான் வாசிக்கிறார்கள். கத்தோலிக்க சகோதரிகளுக்கு 1995-ல் வந்த திருவிவிலியம் பழக்கம். முன்னதில் 66 நூல்கள், கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள். வகுப்பில் ஒருவர் ஒன்றை வாசிக்க, நம் போனில் வேறொன்று இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

2. விளக்கம் எந்த மொழியில்? வசனம் தமிழில் இருக்கும். ஆனால் ஆழ்ந்து படிப்பதற்கான அகராதி, விளக்கவுரை போன்றவை பல செயலிகளில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. லோகோஸ், ஆலிவ் ட்ரீ போன்றவற்றில் செயலி இலவசம், உள்ளே உள்ள பல புத்தகங்களுக்குக் காசு. நமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஆயிரம் புத்தகம் இருந்தும் என்ன பயன்?

3. நெட் இல்லாமல் படிக்க முடியுமா? சில மொழிபெயர்ப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், சிலவற்றை முடியாது. ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வரும். வீட்டிலேயே நெட்டை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் சரி.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே பெயரில் பல செயலிகள் வரும். வேதாகமம் வாசிக்க உங்கள் போட்டோ, தொடர்பு எண்கள், எஸ்.எம்.எஸ் எதுவும் தேவையில்லை. அதையெல்லாம் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடுங்கள்.

முதலில் மூன்று வாரம், கையில் இருக்கும் போனில்

நம் சகோதரியிடம் இதைத்தான் சொன்னோம். அவர் மகளிடம் ஒரு பழைய டச் போன் இருந்தது. அதில் செயலியை இறக்கப் போனால் 'இடம் இல்லை' என்று வந்தது. திறந்து பார்த்தால் வாட்ஸ்அப் வீடியோக்கள் நிறைந்து கிடந்தன. குட்மார்னிங் படங்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில்! வேண்டாதவற்றை அழித்ததும் செயலி இறங்கியது. ஒரு சாதாரண இயர்போன் மட்டும் வாங்கினார்.

பிறகு ஒரு நோட்டில் 21 கட்டம் போட்டோம். செயலியைத் திறந்து படித்த நாளில் ஒரு டிக். படிக்காத நாளில் ஏன் படிக்கவில்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

கடன் கேட்கும் எல்லோருக்கும் இந்த நோட்டு நல்ல பாடம். ஆசை மூன்று வாரம் நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். தையல் வீடியோ பார்க்க போன் கேட்டாலும் சரி, குர்ஆன் ஓதக் கேட்டாலும் சரி, தேவாரம் கேட்க விரும்பினாலும் சரி, இதே கணக்குத்தான்.

இப்போது பணக் கணக்கு

18,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில், 12 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாத அசல் 1,500. முதல் மாத வட்டி 180. ஆக முதல் தவணை 1,680 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். வருட முடிவில் மொத்த வட்டி 1,170 ரூபாய்.

இதோடு முடிந்ததா? ரீசார்ஜ் இருக்கிறது. 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 தடவை போட வேண்டும். ஒரு தடவைக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 3,900 ரூபாய். முதல் வருடச் செலவு மொத்தம் 23,070 ரூபாய்.

8,000 ரூபாய் போன் என்றால்? வட்டி 520, ரீசார்ஜ் அதே 3,900. மொத்தம் 12,420 ரூபாய். வித்தியாசம் 10,650 ரூபாய். இரண்டு போனிலும் வசனம் ஒன்றுதான்! அந்தப் பத்தாயிரம் எதற்குப் போகிறது? நல்ல கேமரா, வேகம், பளபளப்பு ஆகியவற்றுக்குத்தான். அவை வேண்டும் என்றால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் அதற்கு வேதாகமத்தைக் காரணம் சொல்ல வேண்டாம்.

"கடையில வட்டியே இல்லாம தவணைக்குத் தர்றாங்களே" என்று கேட்கலாம். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லியிருக்கிறது. நடைமுறைக் கட்டணம் என்று ஒன்று இருக்கலாம். ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காமல் போகலாம். "மொத்தம் எவ்வளவு கட்டணும், ரொக்கம்னா எவ்வளவு?" என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். குழுவில் நாம் கட்டும் வட்டி திரும்ப நம் குழுவுக்கே வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய போன் வாங்கினால்

குறைந்த விலைக்குப் பழைய போன் கிடைக்கலாம். அது திருட்டு போனாக இருந்தால் காசும் போகும், வம்பும் வரும். போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் தெரியும். உங்கள் போனில் இருந்து கே.ஒய்.எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஒரு இடம் விட்டு, அந்த 15 எண்களையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். போனின் விவரம் பதிலாக வரும். மாடல் பெயர் மாறி வந்தாலோ, முடக்கப்பட்டது என்று வந்தாலோ வாங்காதீர்கள். கடையில் பில் கேளுங்கள். பில் தர மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். புது போன் வாங்கி ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குழு எப்படி முடிவு எடுக்கலாம்?

மருத்துவச் செலவும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கும்போது போன் கடன் பின்னால் நிற்கட்டும். அது முறை. ஆனால் "பொம்பளைக்கு எதுக்குத் தனி போன்?" என்ற பேச்சு நம் கூட்டத்தில் வரக்கூடாது. கணவரின் போன் அவரோடு வேலைக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் போன் பிள்ளையோடு போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது, எல்லோரும் தூங்கிய பின் கிடைக்கும் சார்ஜ் இல்லாத போன்.

இதை அந்த நோட்டே காட்டியது. மூன்று வாரம் கழித்து நம் சகோதரி அதைக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தார். 21 கட்டத்தில் 17 டிக். மீதி நான்கு கட்டத்தில் ஒரே காரணம்: 'மகள் போனை எடுத்துப் போய்விட்டாள்.' படித்ததெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான். ரயிலில் போகும் நேரம் வீணாகவே போனது.

அப்போதுதான் கேள்வி தெளிவானது. அந்தச் செயலிக்காக 18,000 ரூபாய் மாடல் தேவையில்லை, அது மகளின் பழைய போனிலேயே ஓடுகிறது. ஆனால் அவர் கையில் எப்போதும் இருக்கும் ஒரு போன் தேவை. இரண்டும் வேறு வேறு. முதல் காரணத்துக்குக் கேட்டிருந்தால் மறுத்திருப்போம். இரண்டாவது காரணத்துக்கு எல்லோரும் கை தூக்கினோம். 8,000 ரூபாய், 12 தவணை. தீர்மான நோட்டில் "உறுப்பினரின் சொந்த உபயோகத்துக்கு போன்" என்று எழுதினோம். அன்று முதலில் சிரித்தவரே ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

மகள் போனில் எழுதிய குறிப்புகள் என்ன ஆயின என்று சிலர் கேட்டார்கள். செயலியில் தன் பெயரில் கணக்கு ஆரம்பித்திருந்ததால், புது போனில் அதே கணக்கைத் திறந்ததும் எல்லாம் அப்படியே வந்துவிட்டன.

இப்போது காலை ரயிலில் ஜன்னல் ஓரம் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். காதில் இயர்போன், விரல் எழுத்தின் மேல். போன வாரம் வகுப்பில் தன் முறை வந்தபோது புத்தகத்தைப் பக்கத்தில் கொடுக்கவில்லையாம். மூன்று வசனம் மெதுவாக வாசித்தாராம். எந்தப் புத்தகத்தில் என்று கேட்டோம். "சபையில இருக்கிற பழைய புத்தகத்துலதான்க்கா" என்றார்.

சகோதரிகளே, உங்கள் குழுவிலும் இப்படி ஒரு கடன் விண்ணப்பம் வரும். சிரிக்க வேண்டாம், உடனே கையெழுத்தும் போட வேண்டாம். 21 கட்டம் போட்ட நோட்டை முதலில் கொடுங்கள்.

கூடிப் பேசுவோம்! கணக்குப் பார்த்து முடிவெடுப்போம்!