விழு, துடி, எழு!

எதிரணியின் வேகத்துக்கு அணை போட அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு நாடகம் நடக்கிறது. கடைசியில் அடிபடுவது நிஜமாகவே காயம்பட்டவர்.

2010 நவம்பர் 13. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியும் ஒரிகான் பல்கலைக்கழக அணியும் மோதுகின்றன. ஒரிகான் வீரர்கள் மூச்சு விடாமல் அடுத்த தாக்குதலுக்கு வரிசை கட்டுகிறார்கள். எதிரே கலிபோர்னியாவின் தடுப்பு வரிசையில் வாட்டசாட்டமான ஓர் இளைஞர் நன்றாகத்தான் நிற்கிறார். மறு விநாடி, யாரும் தொடாமலே தரையில் சரிகிறார். விசில் ஒலிக்கிறது. கடிகாரம் நிற்கிறது. முதலுதவிக் குழு ஓடி வருகிறது. ஒரிகானின் வேகம் அங்கேயே முடங்குகிறது.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குச் சந்தேகம். சில நாட்களில் உண்மை வெளிவந்தது. விழச் சொன்னவர் கலிபோர்னியாவின் தடுப்பு வரிசைப் பயிற்சியாளர் டாஷ் லுபோய். அவர் அதை ஒப்புக்கொண்டார். தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்ட் அவரை ஒரு போட்டிக்கு சஸ்பெண்ட் செய்தார். அந்த சீசனில் அதுவரை சராசரியாக 50 புள்ளிகளுக்கு மேல் குவித்துவந்த ஒரிகான், அன்று 15-13 என்று தட்டுத் தடுமாறித்தான் ஜெயித்தது.

களத்தில் சரியும் வீரர்களை அமெரிக்க ரசிகர்கள் அதற்குப் பிறகு பழைய கண்ணோடு பார்க்கவில்லை.

நாடகம் எதற்கு?

நம்மூர்க் கால்பந்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு. ஒவ்வொரு வாய்ப்பும் சில விநாடிகளில் முடிந்துவிடும். தாக்குவதற்கு ஒரு குழு, தடுப்பதற்கு இன்னொரு குழு. இடைவேளைகளில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம்.

அந்த இடைவேளைதான் விவகாரம். 2008 முதல் கல்லூரி ஆட்டத்தில் ஒரு வாய்ப்பு முடிந்ததும் 40 விநாடிக் கெடு ஓடத் தொடங்குகிறது. பழைய பாணியில் வீரர்கள் வட்டமாகக் கூடி, தலையோடு தலை சேர்த்து யோசித்துவிட்டு நிதானமாக வருவார்கள். சிப் கெல்லி தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது ஒரிகான் அந்தக் கூட்டத்தையே ஒழித்துவிட்டது. வெளியிலிருந்து சைகை வரும். பல சமயம் கெடுவில் பாதி தீருமுன்பே பந்து பறந்துவிடும். தாக்கும் அணி ஆளை மாற்றாவிட்டால், தடுக்கும் அணி ஆள் மாற்ற நடுவர் ஆட்டத்தை நிறுத்தி வைக்க மாட்டார். 130 கிலோ எடையுள்ள தடுப்பு வீரர்கள் நாக்குத் தள்ளி நிற்க, அவர்களை வெளியே இழுக்கப் பயிற்சியாளருக்கு வழி இல்லை.

டைம் அவுட் கேட்கலாம். ஆனால் பாதி ஆட்டத்துக்கு மூன்றுதான். அதற்குப் பதில் யாராவது ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்? ஆட்டம் நிற்கும். டைம் அவுட் கழியாது. களைத்தவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், புது ஆட்கள் வருவார்கள். விழுந்தவர் ஒரே ஒரு வாய்ப்புக்கு மட்டும் வெளியே உட்கார வேண்டும். செலவு அவ்வளவுதான். தசைப்பிடிப்பு என்று சொல்லிவிட்டால் எந்த நடுவராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது.

ரத்தம் கொடுத்து வாங்கிய விதி

காயத்துக்காக ஆட்டத்தை நிறுத்தும் வழக்கம் இந்த ஆட்டத்தில் வெறும் மரியாதை இல்லை. 1905 சீசனில் மட்டும் குறைந்தது 18 பேர் கால்பந்துக் களங்களில் அடிபட்டு இறந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே வரவழைத்துப் பேச வேண்டியிருந்தது. அந்தக் கொந்தளிப்பில் 1906-இல் உருவான அமைப்புதான் இன்று கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. காயம்பட்டவருக்கு முழுப் பாதுகாப்பு தர வேண்டும், காயம் போல நடிப்பது நேர்மையற்றது என்று அதன் விதிப் புத்தகம் ஒரே மூச்சில் சொல்கிறது. முதல் பாதியை நடுவர் அமல்படுத்த முடியும். இரண்டாவது பாதி மனசாட்சியின் பொறுப்பு. கோப்பைக்கு முன்னால் மனசாட்சி எத்தனை நேரம் தாங்கும்?

இதில் யாரும் நிரந்தர நல்லவர் இல்லை. 2010-இல் மாட்டிக்கொண்ட அதே கலிபோர்னியா, 2013-இல் சோனி டைக்ஸ் என்ற புதுப் பயிற்சியாளரின் கீழ் வேக ஆட்டத்துக்கு மாறியது. முதல் போட்டியிலேயே நார்த்வெஸ்டர்னிடம் 44-30 என்று தோற்றது. எதிரணியினர் காயம் போல நடித்தார்கள் என்று டைக்ஸ் குறைபட்டார். நார்த்வெஸ்டர்ன் பயிற்சியாளர் பேட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கோபம் தலைக்கேறியது. சஸ்பெண்ட் ஆன லுபோய் 2022-இல் தடுப்பாட்டப் பொறுப்பாளராகச் சேர்ந்த இடம் எது தெரியுமா? ஒரிகான்.

வேகத்துக்கே கடிவாளம் போடவும் முயற்சி நடந்தது. கெடுவின் முதல் 10 விநாடிகளுக்குள் பந்தை ஆடக்கூடாது, அதற்குள் தடுப்பு அணி ஆள் மாற்றிக்கொள்ளட்டும் என்று 2014-இல் ஒரு யோசனை வந்தது. அலபாமாவின் நிக் சாபன், ஆர்கன்சாவின் பிரெட் பியெலமா இருவரும் அதன் பக்கம் நின்றார்கள். வீரர்களின் உடல்நலம்தான் காரணம் என்றார்கள். வேக ஆட்டத்தால் காயம் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று மறுதரப்பு மடக்கியது. அடுத்த மாதமே யோசனை கைவிடப்பட்டது.

சந்தேகம் என்னும் தொற்று

நடிப்பு வளர, சந்தேகமும் வளர்ந்தது. 2021 அக்டோபர் 9 அன்று அயோவா மைதானத்தில் பென் ஸ்டேட் வீரர்கள் அடிபட்டு விழுந்தபோதெல்லாம் கூட்டம் கூச்சல் போட்டது. அயோவா அப்படியொன்றும் வேகமாக ஆடும் அணி இல்லை. அதன் வேகத்தைக் குறைக்க யாரும் நடிக்க வேண்டிய தேவையே இல்லை என்று பென் ஸ்டேட் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் சுட்டிக்காட்டினார். அந்த அணியின் முக்கியத் தடுப்பு வீரர் பி.ஜே. மஸ்டிஃபர் அன்று பட்ட காயத்தால் சீசனின் மிச்சம் முழுவதும் ஆட முடியாமல் போனார். வேடிக்கை என்னவென்றால், அயோவா ரசிகர்கள் ஒவ்வொரு போட்டியிலும் முதல் கால்பகுதி முடிந்ததும் மைதானத்தை ஒட்டிய குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்து மொத்தமாகக் கையசைப்பவர்கள். நோயாளிக் குழந்தைகளுக்காக உருகும் கூட்டம்தான் களத்தில் விழுந்தவர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

ஒரு வாரம் கழித்து டென்னசியில் இன்னும் மோசம். டென்னசியின் வேக ஆட்டத்துக்கு எதிரே மிசிசிப்பி அணியினர் அடிக்கடி விழுந்ததில் கூட்டம் ஏற்கெனவே கொதித்துக் கிடந்தது. கடைசிக் கட்டத்தில் நடுவரின் தீர்ப்பு ஒன்று பாதகமாகப் போக, பாட்டில்கள் பறந்தன. கோல்ஃப் பந்துகூட வந்து விழுந்தது. ஆட்டம் தடைப்பட்டது. டென்னசிக்கு அபராதம் 2.5 லட்சம் டாலர்.

அமெரிக்கர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2024 ஜூனில் டி-20 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் பங்களாதேஷோடு ஆடியது. மழை மிரட்ட, பயிற்சியாளர் ஜொனாதன் டிராட் நிதானப்படுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். உடனே குல்பதின் நாயிப் தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். உலகமே சிரித்தது. சில நாட்களில் இறுதிப் போட்டி. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துகளில் 30 ரன் தேவைப்பட்டபோது ரிஷப் பந்த் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார். ஆட்டத்தின் ஓட்டத்தைக் குலைக்க அவர் செய்த சாமர்த்தியம் என்று ரோஹித் சர்மாவே பின்னர் டி.வி. நிகழ்ச்சியில் கலகலப்பாகச் சொன்னார். இந்தியா கைதட்டியது. நம்மவர் செய்தால் சமயோசிதம், மற்றவர் செய்தால் மோசடி.

விலைப்பட்டியல்

கையும் களவுமாகப் பிடிக்க முடியாது என்று தெரிந்த பின் என்.சி.ஏ.ஏ. வேறு வழி தேடியது. சந்தேகமான காயங்களைப் போட்டி முடிந்த பிறகு வீடியோவில் ஆராய 2022-இல் ஏற்பாடு செய்தது. தண்டனையை அந்தந்தப் போட்டி அமைப்புகளிடம் விட்டது. 16 பல்கலைக்கழகங்கள் அடங்கிய சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸின் தலைவர் கிரெக் சாங்கி 2024 நவம்பரில் காரசாரமாக எச்சரிக்கை அனுப்பினார். முதல் தடவை 50,000 டாலர் அபராதம், இரண்டாவது தடவை 1 லட்சம், மூன்றாவது தடவை தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரு போட்டித் தடை. முன்னணிப் பயிற்சியாளர்களின் ஆண்டுச் சம்பளம் 1 கோடி டாலரைத் தாண்டும் உலகில் 50,000 டாலர் என்பது அரை சதவீதத்துக்கும் கீழே.

2025 சீசனில் விதியே மாறியது. அடுத்த வாய்ப்புக்காக நடுவர் பந்தை வைத்த பிறகு யாருக்காவது சிகிச்சை தர மருத்துவக் குழு உள்ளே வந்தால், அந்த அணியின் ஒரு டைம் அவுட் கழியும். டைம் அவுட் மிச்சம் இல்லையென்றால் 5 கஜம் தண்டனை. காயம் நிஜமா, பொய்யா என்ற கேள்வியே இதில் இல்லை. ஆராய்ச்சி முடியாததால் கட்டணம் வைத்துவிட்டார்கள். பந்து வைக்கப்படுவதற்கு முன்பே விழுந்துவிட்டால் கட்டணமும் இல்லை. நடிப்பவர்கள் நேரம் பார்த்து விழக் கற்றுக்கொள்வார்கள்.

நேரம் பார்க்கத் தெரியாதவர் நிஜமாக அடிபட்டவர்தான். கால் பிசகிய மாணவன் வலியை விழுங்கிக்கொண்டு எழுந்து, இரண்டடி நடந்து, வரிசையில் நின்ற பிறகு சரிந்தால் அணிக்கு நஷ்டம். தலையில் அடிபட்டவர்கள் வெளியே போக மனமில்லாமல் அதை மறைத்து ஆடுவது இந்த ஆட்டத்தின் பழைய நோய். டைம் அவுட் கழியுமே என்ற பயமும் சேர்ந்துகொண்டால் மறைப்பதற்கு இன்னொரு காரணம் கிடைக்கிறது.

விழச் சொல்லும் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். விழும் மாணவனைத்தான் கேமரா காட்டுகிறது, கூச்சலும் அவனுக்குத்தான். ஒரிகான் போட்டியில் விழுந்த இளைஞருக்கு மிஞ்சியது திரும்பத் திரும்ப ஓடும் சில விநாடி வீடியோ. அடுத்து விழப்போகிறவர் உண்மையிலேயே எழ முடியாமல் கிடக்கலாம். அப்போதும் கூட்டம் அந்த வீடியோவைத்தான் நினைத்துக்கொள்ளும்.