சந்தைக்கு முன்னே செய்தி செல்லட்டும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. மிஞ்சாமைக்குக் காரணங்கள் பல. மழை பொய்ப்பதும் பூச்சி தாக்குவதும் பெரும்பாலும் கமக்காரரின் கைக்கு அப்பாற்பட்டவை. ஆயின், விளைந்த பொருளை யார் வேண்டுகின்றார், எவ்வளவு வேண்டுகின்றார், என்ன விலை கொடுக்க இசைகின்றார் என்பவற்றை அறியாமையால் விளையும் நட்டம் அத்தகையதன்று. அது முயற்சியால் நீக்கத்தக்கது.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே அமைந்துள்ள கோமாரிக் கிராமத்தை எடுத்துக்கொள்க. கிழக்கே கடல், அண்மையில் களப்பு, மேற்கே வயலும் மேட்டுநிலமும் அமைந்த ஊர் இது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையால் தாக்குண்டு மீண்டும் எழுந்த கரையோரத்தைச் சேர்ந்தது. நெல்லும் தோட்டப் பயிரும் பாலும் மீனும் இக்கரையோர மக்களின் சீவனோபாயங்களாகும்.

இவற்றை வாங்குவோர்க்குக் குறைவில்லை. வடக்கே அக்கரைப்பற்று, கல்முனை முதலிய சன நெருக்கமிக்க நகரங்கள் உள. தெற்கே அறுகம்குடாவில், ஏறக்குறைய ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை, கடலலைச் சறுக்கலுக்கெனப் பிறநாட்டார் வந்து தங்குகின்றனர். நோன்பு மாதத்திலும் பெருநாட்களிலும் தைப்பொங்கலிலும் சித்திரைப் புத்தாண்டிலும் உணவுப்பொருள்களின் தேவை பெருகுகின்றது. கதிர்காமத் திருவிழாவையொட்டி இக்கரையோர வழியே அடியார்கள் கால்நடையாகச் செல்கின்றனர். இவ்வளவு பேர் அயலிலிருந்தும், கமக்காரர் பலர் படலைக்கு வரும் ஒரே வியாபாரி சொன்ன விலைக்கே பொருளைக் கொடுத்துவிடுகின்றனர். இதில் வியாபாரியை மட்டும் குறை கூறுவது முறையன்று. அவரும் வாகனச் செலவையும் அழுகற் சேதத்தையும் தாங்குகின்றார். குறை, செய்தி சென்று சேராமையிலேயே உள்ளது.

கேரளக் கரையோரம் கற்பித்த பாடம்

செய்தி சென்று சேர்வதனால் உண்டாகும் பயனைக் கேரளத்து மீனவரின் அனுபவம் தெளிவாகக் காட்டும். 1997ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி காலையில், வடகரையில் 11 மீனவர்கள் தாம் பிடித்த மீனை வாங்குவாரின்றிக் கடலிற் கொட்டும் நிலையில் நின்றனர். அதே வேளையில், அங்கிருந்து 15 கிலோமீற்றருக்கு உட்பட்ட இரு சந்தைகளில் 27 பேர் மீன் கிடையாமல் வெறுங்கையுடன் திரும்பவிருந்தனர். ஒருவர் நிலையை மற்றவர் அறிய வழியில்லை.

அவ்வாண்டு தொடக்கம் 2001 வரை கைத்தொலைபேசிச் சேவை அக்கரையோரத்தில் படிப்படியாகப் பரவிற்று. மீனவர் கடலிலிருந்தே சந்தைகளை விசாரித்து, தேவையுள்ள துறைக்குத் தோணியைச் செலுத்தலாயினர். இதனை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட பொருளியலாளர் ரொபேட் ஜென்சன், வீணாகிய மீன் ஏறக்குறைய இல்லாமற் போனதென்றும், மீனவரின் இலாபம் 8 சதவீதம் உயர்ந்ததென்றும், வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்ததென்றும் கண்டார். விற்போருக்கும் வாங்குவோருக்கும் ஒருங்கே நன்மை விளைந்தமை கவனிக்கத்தக்கது.

அன்று கிடைத்தது குரல் ஒன்றே. இன்று முகநூல், வாட்சப் போன்ற சமூக ஊடகங்கள் வாயிலாகப் பொருளின் படத்தையும் விலையையும் ஒரே வேளையிற் பலருக்கு அனுப்பலாம். 2018இல் வெளிவந்த வாட்சப் பிசினஸ் என்னும் செயலி சிறு வியாபாரங்களுக்கெனவே அமைந்தது, அதற்குக் கட்டணமில்லை.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. முதலில் வாங்குவோரின் பட்டியலைத் தயாரித்தல் வேண்டும். ஊரார், அயற் கடைக்காரர், விடுதி நடத்துவோர், விழாக்களுக்குச் சமைப்போர் ஆகியோரின் இலக்கங்களை அவர்களின் சம்மதத்துடன் பெறுக. வாட்சப்பிற் பலருக்கு ஒருங்கே அனுப்பும் செய்தி, அனுப்புவோரின் இலக்கத்தைத் தமது தொலைபேசியிற் பதிந்துவைத்தவர்க்கே சென்றடையும். ஆதலின், "இவ்விலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள்" என முதலிலேயே கேட்டுக்கொள்ளல் அவசியம்.

2. படம் உண்மையானதாயிருத்தல் வேண்டும். அன்று பறித்த காயை அன்று காலை வெளிச்சத்திற் படமெடுக்க. வேறொருவரின் அழகிய படத்தை எடுத்துப் போடுவது, மாதிரிக்கு ஒன்றும் மூடைக்கு வேறொன்றும் காட்டுவதற்கு ஒப்பாகும். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாரார்.

3. செய்தி சுருக்கமாயிருக்க. பொருள், அளவு, விலை, கிடைக்கும் இடம், நேரம் என்னும் ஐந்தும் இருந்தாற் போதும். விலையை மறைத்து "தொடர்புகொள்க" என்று மட்டும் எழுதினால் பலர் கேளாமலே விட்டுவிடுவர். இம்மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் பேசுவோர் உளர். விடுதிகளுக்கு ஆங்கிலமும் உதவும். ஆகவே இயன்றவரை மும்மொழியிலும் எழுதுக.

4. கேட்பவருக்கு விரைவில் மறுமொழி கூறுக. பொருள் தீர்ந்துவிட்டதாயின் அதனையும் உடனே அறிவிக்க. "தீர்ந்தது" என்ற ஒரு சொல், வாங்க வருவாரை வீண் பயணத்தினின்றும் காக்கும்.

5. குறை கூறுவோரைப் பகைத்தலாகாது. தவறு இருப்பின் ஒப்புக்கொண்டு, பொருளை மாற்றிக் கொடுக்க. பலர் பார்க்கப் பணிவுடன் கூறும் ஒரு மறுமொழி, பத்து விளம்பரங்களிலும் மேலானது.

6. ஓயாது செய்தி அனுப்புவதும் தவறு. விற்பதற்குப் பொருள் உள்ளபோது மட்டும் அனுப்புக. இடையிடையே நடுகை, பூக்காலம், அறுவடை முதலியவற்றின் படத்தை இடுவது, வாங்குவோர்க்கு விளைநிலத்துடன் ஓர் உறவை உண்டாக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு

நாளொன்றுக்கு 40 சட்டி தயிர் உறையிடும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்க. அவற்றுள் 30 விற்று 10 தேங்கினால், உழைப்பிலும் பாலிலும் நான்கில் ஒரு பங்கு இடருக்குள்ளாகின்றது. அக்குடும்பத்தார் முன்னாள் மாலையிலேயே வாட்சப் மூலம் கேட்டறிந்து, 33 சட்டிகளுக்கு வாங்குவோர் இருப்பதை அறிந்தனரெனின், எதிர்பாராது வருவோர்க்கு 2 சேர்த்து 35 உறையிட்டாற் போதும். எஞ்சிய பாலைப் பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம். விலையை ஒரு சதமேனும் உயர்த்தாமலே வருவாய் கூடுகின்றது. கேட்டபின் உறையிடுவதே இம்முறையின் சாரம்.

எச்சரிக்கை

நல்ல கத்தி காயையும் நறுக்கும், கையையும் வெட்டும். 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறை நகரில், உணவிற் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதென்னும் பொய்வதந்தியின் பேரில் முஸ்லிம் ஒருவரின் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அங்கு எடுக்கப்பட்ட காணொளி முகநூலிற் பரவி வதந்தியை மேலும் வளர்த்தது. உணவிற் காணப்பட்டது வெறும் மாக்கட்டியே என்பது அரச பகுப்பாய்விற் பின்னர் தெரியவந்தது. அதற்குள் சேதம் நிகழ்ந்துவிட்டது. அவ்வாண்டு இத்தீவில் நிகழ்ந்த வன்செயல்களில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

ஆகவே, விற்பனைக்கென அமைத்த குழுவில் உறுதிப்படாத செய்தி எதனையும் பரப்பலாகாது. பரப்புவோர்க்கு இடங்கொடுத்தலும் ஆகாது. வாங்குவோர் எம்மதத்தவராயினும் எம்மொழியினராயினும் பசி ஒன்றே; விற்போர்க்கு அவர் யாவரும் சமமே.

பணவிடயத்திலும் விழிப்புத் தேவை. வங்கியின் இரகசிய இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கத்தையோ எவர் கேட்டாலும் கொடுத்தலாகாது. பணம் கணக்கிற் சேர்ந்ததை வங்கி வாயிலாக உறுதிசெய்த பின்னரே பொருளை அனுப்புக. பற்றுச்சீட்டின் படத்தை மட்டும் நம்பற்க.

ஒரே சாதனத்தை நம்பியிருத்தலும் தகாது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் இந்நாட்டில் தற்காலிகமாக முடக்கப்பட்டன. எனவே வாங்குவோரின் பெயரையும் இலக்கத்தையும் கொப்பி ஒன்றிலும் எழுதிவைக்க. இணையம் இல்லாத நாளில் சாதாரணத் தொலைபேசி அழைப்பே கைகொடுக்கும்.

முடிவாக, சமூக ஊடகம் மோசமான பொருளை நல்ல பொருளாக்கமாட்டாது. அது நல்ல பொருளை அறியச் செய்யும். மோசமான பொருளையும் அவ்வாறே அறியச் செய்யும். ஆகையால் பொருளின் தரமே முதல். செய்தி அதற்கு அடுத்தது. தரத்தைப் பேணும் முறைகளை அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம். விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்துவதுபோல், விற்குமுன் வாங்குவோரை அறிந்துவைத்தல் கமத்தொழிலின் ஓர் அங்கமேயாகும்.