மூச்சும் வாயும்

யந்திரம் பாடினால் அதை இசையென்று கொள்ளலாமா என்று கேட்போர் 1978இல் ஜேர்மனியில் வெளியான ஓர் இசைத்தட்டைக் கேட்பது நல்லது. ‘டீ மென்ஷ் மஷீனே’ என்பது அதன் பெயர். மனித யந்திரம் என்று பொருள். டுசல்டோர்ப் நகரில் ரால்ப் ஹியூற்றர், புளோறியன் ஷ்னைடர் ஆகிய இருவரும் 1970இல் தொடங்கிய ‘கிராப்ட்வேர்க்’ குழுவின் படைப்பு அது. கிராப்ட்வேர்க் என்றால் மின்னிலையம். பாட்டுக் குழுவுக்கு வைக்கும் பெயரா இது என்று சிரிப்பு வரும்.

ஆறே பாட்டுகள். முதற்பாட்டு ரோபோக்களைப் பற்றியது. ஏவலாள், தொழிலாளி எனப் பொருள்படும் ரஷ்யச் சொற்கள் அதில் உலோகக் குரலில் ஒலிக்கின்றன. இது பொருத்தமே. செக் எழுத்தாளர் கரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகமொன்றில் பிறந்த ரோபோ என்ற சொல்லுக்கு, கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் ‘ரொபொட்டா’ என்ற செக் சொல்லே வேர்.

அந்த உலோகக் குரலைத் தருவது ‘வோகோடர்’ என்னும் கருவி. தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்பும் நோக்குடன் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஹோமர் டட்லி 1930களில் உருவாக்கியது. தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவருக்கு இதன் தொழிற்பாடு எளிதில் விளங்கும். உந்தியிலிருந்து எழும் காற்று ஒன்று; நாவும் இதழும் பல்லும் அண்ணமும் அதற்கு உருக்கொடுப்பது இன்னொன்று. தொல்காப்பியர் வேறுபடுத்திச் சொன்ன இவ்விரண்டையும் வோகோடர் மெய்யாகவே பிரித்துவிடுகிறது. பாடகர் ஒலிவாங்கியின் முன் சொற்களை உச்சரிப்பார். கருவி அக்குரலை மீடிறன் வாரியாகக் கூறுபடுத்தி, கணத்துக்குக் கணம் எது வலுத்தது, எது மெலிந்தது என அளந்து, அந்த அளவுகளை இலத்திரனியல் வாத்தியத்தின் ஒலிமீது ஏற்றும். மூச்சு யந்திரத்தினுடையது, வாய் மனிதனுடையது. அவர் வாயை மூடினால் கருவியும் ஊமை.

பின்னாளில் இப்பாட்டு வரும்போது குழுவினர் மேடையைவிட்டுப் போய், தம்மைப்போன்ற யந்திரப் பொம்மைகளை ஆடவிட்டனர். பலர் அதை வேடிக்கை என்பர். எனக்கு எச்சரிக்கையாகவே படுகிறது.

ஏனெனில் இன்று வாயும் தேவையில்லை. பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்தால், அது குரலின் இயல்பைக் கற்று, வேறொருவர் பாடியதை அக்குரலில் தந்துவிடும். குரலுக்குரியவர் உயிரோடிருக்க வேண்டியதுமில்லை. 2024இல் வெளியான ‘லால் சலாம்’ தமிழ்ப் படத்தின் பாடலொன்றில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் இவ்வாறு ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். முறையான செயல்தான். ஆயினும் மெட்டைக் கேட்டுவிட்டு, “இந்த இடத்தை வேறுமாதிரிப் பாடிப் பார்க்கட்டுமா?” என்று கேட்கும் உரிமை பாடகருக்கு உண்டு. “இது எனக்கு வேண்டாம்” என்று எழுந்துபோகும் உரிமையும் உண்டு. இவற்றைக் குடும்பத்தார் எப்படிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது?