பல்சமயப் பணியாளர்க்குப் பகுதிநேர முதுகலை

திருத்தணி என்றவுடன் முருகன் குன்றமே நம் நினைவில் எழும். அவ்வூர் ஈன்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் 1948-இல் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக்குழுவை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. பட்ட மாணவர் முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாற்றையும், அடுத்த ஆண்டில் பல சமய நூற்பகுதிகளையும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தையும் பயில வேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது.

இப்பயிற்சி யார்க்கு இன்றியமையாதது? நம் தரைப்படையில் பண்டிதர், மௌலவி, கிரந்தி, பாதிரியார் எனச் சமய ஆசிரியர்கள் உள்ளனர். வழிபாடு நடத்துவதோடு, நோயுற்ற வீரரைக் காண்பதும், தண்டனை பெற்றவரைச் சந்திப்பதும், இறுதிச் சடங்கில் பங்கேற்பதும் அவர்தம் கடமைகள். தேர்வுக்குரிய தகுதியோ, ஒரு பட்டமும் தத்தம் சமயக் கல்வியுமே. படுக்கையில் கிடப்பவர் வேற்றுச் சமயத்தவராயின்? உயிர் பிரியும் வேளையில் முஸ்லிமைக் கிப்லாவை நோக்கித் திருப்பிக் கலிமாவை மெல்ல ஓதுவர். கத்தோலிக்கர் குருவின் எண்ணெய் பூசுதலை நாடுவர். இந்துவின் வாயில் கங்கைநீர் விடுவர். இவற்றை நல்லெண்ணம் மட்டும் கற்பித்துவிடாது. பிழை நேர்ந்தால் திருத்த மறுநாள் இராது.

பணியிலிருப்பவர் ஈராண்டு விடுப்பெடுத்துப் பயில்வது அரிது, பகுதிநேரமே வழி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம், இசுலாம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகளும் மையங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தாளை ஏற்க, மருத்துவமனைக் களப்பயிற்சியும் சேர்ந்தால் வார இறுதி முதுகலை உருவாகிவிடும். (களப்பயிற்சி இன்றேல் அது மற்றுமொரு தத்துவப் படிப்பே.) ஆவடியிலோ திருத்தணியிலோ பணிபுரிபவர் காலை மின்தொடர்வண்டியில் வந்து மாலையில் திரும்பிவிடலாம்.